ஆப்ட் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகமும் நாலைந்து சர்வர்களும் என் பொறுப்பில் இருக்கின்றன. எல்லாமே லினக்ஸ்: உபுண்டு அல்லது டெபியன். இவற்றில் மென்பொருள் மூட்டைகளை (பேக்கேஜ்களை) நிறுவவும் நீக்கவும் ஆப்ட் என்ற கருவி, அதற்கு அடியில் நிஜ வேலையைச் செய்வது டிபிகேஜி. மாதத்தில் ஏழெட்டு முறையாவது யாராவது திரையை செல்போனில் படம் பிடித்து அனுப்பி "சார், இது என்ன சார்?" என்று கேட்பார்கள். படத்தில் பெரும்பாலும் கடைசி இரண்டு வரிதான் இருக்கும்: "சப்-பிராசஸ் டிபிகேஜி ரிட்டர்ன்ட் அன் எரர் கோட் (1)". உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்லாத வரி அது. நோய் எப்போதும் மேலே இருக்கும். திரையை மேலே நகர்த்தி, முதன்முதலாக "எரர்" என்றோ "ஈ:" என்றோ தொடங்கும் வரியைப் பிடியுங்கள். கீழே உள்ள தலைப்புகள் அந்த வரியை வைத்துப் பிரித்தவை.

கட்டளைகளைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் தட்டுங்கள். தொடக்கத்தில் வரும் சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று அர்த்தம். டிபிகேஜி என்பது நான்கு எழுத்துகள். லினக்ஸ் மின்ட்டுக்கும், சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். இரண்டும் டெபியன் வம்சம்தான். ஃபெடோரா, ஆர்ச் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது.

## எதையும் தொடும் முன்

மூன்றைப் பாருங்கள். "டேட்" என்று தட்டினால் இன்றைய தேதி வருகிறதா? "டிஎஃப் -ஹெச்" தட்டினால் எந்தப் பகுதியாவது 100 சதவீதம் நிரம்பியிருக்கிறதா? பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கிறதா? மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம்தான் ஆகும். என்னிடம் வருகிறவற்றில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறம் ஒரு கண்டிப்பு. ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி "ஒய்/என்" என்று கேட்கும்போது, "நீக்கப்படும்" என்ற பகுதியைப் படிக்காமல் ஒய் தட்டாதீர்கள். டெபியன் 13-ல் வரும் ஆப்ட் 3.0 அந்தப் பகுதியைச் சிவப்பில் காட்டுகிறது. பழையவற்றில் எல்லாம் ஒரே நிறம்; கண்தான் வேலை செய்ய வேண்டும்.

## "குட் நாட் கெட் லாக்": பூட்டு கிடைக்கவில்லை என்கிறது

மெஷினை ஆன் செய்த கையோடு இது வந்தால் பெரும்பாலும் கோளாறே இல்லை. உபுண்டு தானாகவே மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே நிறுவும். அணைந்திருந்த நேரத்தில் தவறிப்போன வேலையை ஆன் செய்ததும் கையில் எடுத்துக்கொள்ளும். அது முடிகிற வரை வேறு யாரையும் உள்ளே விடாது.

### முதலில்: காத்திருங்கள்

பத்து நிமிடம் கொடுங்கள். ரொம்ப நாள் திறக்காத லேப்டாப் என்றால் அரைமணி நேரம்கூட ஆகலாம்.

### காத்திருந்தும் போகவில்லை

யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். புதிய ஆப்ட் அந்தச் செய்தியிலேயே பிராசஸின் (ஓடும் நிரலின்) எண்ணையும் பெயரையும் சொல்லிவிடும். சொல்லாவிட்டால்:

    சூடோ ஃப்யூசர் -வி /வார்/லிப்/டிபிகேஜி/லாக்-ஃப்ரன்ட்எண்ட்

அன்அட்டெண்டட் என்று தொடங்கும் பெயர் வந்தால் தானியங்கிப் புதுப்பிப்பு. பேக்கேஜ்கிட் என்றால் மென்பொருள் கடைச் சாளரம் பின்னால் ஓடுகிறது, அதை மூடுங்கள். ஆப்ட் என்றே வந்தால் நீங்களேதான்! இன்னொரு டெர்மினலில், இன்னொரு சாளரத்துக்குப் பின்னால், "இந்த அமைப்புக் கோப்பைப் பழையபடி வைக்கவா, புதியதைப் போடவா" என்று கேட்டுவிட்டு அது உங்கள் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் வெறும் என்டர் தட்டுங்கள்; உங்கள் பழைய கோப்பு அப்படியே இருக்கும்.

### உண்மையிலேயே தொங்கிவிட்டது

    டெயில் /வார்/லாக்/டிபிகேஜி.லாக்

இங்கே லாக் என்பது பூட்டு அல்ல, பதிவேடு. கடைசி வரியின் நேரத்தைப் பாருங்கள். அரைமணி நேரமாக எதுவும் எழுதப்படவில்லை, டிஸ்க் விளக்கும் அசையவில்லை என்றால் "சூடோ கில்" போட்டு அந்தப் பிராசஸ் எண்ணைக் கொடுங்கள். -9 வேண்டாம், சும்மா கில் போதும். பிறகு அடுத்த தலைப்பில் உள்ள இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்.

"லாக் (பூட்டு) ஃபைலை ஆர்எம் போட்டு அழித்துவிடுங்கள்" என்று இணையம் முழுக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தக் கோப்பு எப்போதுமே அங்கேதான் இருக்கும். எதுவும் ஓடாத நேரத்தில் எல்எஸ் போட்டுப் பாருங்கள், இருக்கும். பூட்டு என்பது அந்தக் கோப்பின் மேல் ஒரு பிராசஸுக்கு லினக்ஸின் மையமான கர்னல் கொடுத்திருக்கும் உரிமை. கோப்பை அழித்தால் உரிமை போகாது. அடுத்து வருகிற ஆப்ட் அதே பெயரில் புதிய கோப்பு ஒன்றை உண்டாக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும், அவ்வளவுதான். ஒரே பேரேட்டில் இரண்டு குமாஸ்தாக்கள் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன ஆகும்? அதுதான் ஆகும்.

## "டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்": பாதியில் நின்றுவிட்டது

கரண்ட் போனால் வருகிற வியாதி. லேப்டாப் மூடியைப் பட்டென்று மூடுகிறவர்களுக்கும் வரும். ஒரு மே மாதம் ஆய்வகத்தில் முப்பது மெஷின்களுக்கும் ஒரே நேரத்தில் அப்கிரேட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். யூபிஎஸ் பேட்டரி செத்திருந்தது தெரியாது. திரும்பி வந்தபோது ஃபேனும் நின்றிருந்தது. அன்று முப்பது முறை தட்டிய இரண்டு கட்டளைகள் இவை:

    சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
    சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

முதலாவது, பிரித்து வைத்துவிட்டு அமைக்காமல் விட்டவற்றை அமைத்து முடிக்கும். இரண்டாவது, குறைகிற சார்புகளை, அதாவது ஒரு பேக்கேஜ் ஓடத் தேவையான மற்றப் பேக்கேஜ்களை, கொண்டுவந்து சேர்க்கும். இருபத்தாறு மெஷின்கள் இதிலேயே எழுந்துவிட்டன.

### எவை பாதியில் இருக்கின்றன என்று பார்க்க

    டிபிகேஜி --ஆடிட்

வாய் திறக்காமல் திரும்பி வந்தால் எல்லாம் நலம். "டிபிகேஜி -எல்" போட்டால் வரும் நீளப் பட்டியலில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்து இருக்கும். ஐ-ஐ என்றால் ஒழுங்காக நிறுவப்பட்டது. ஐ-யூ என்றால் பிரித்தாயிற்று, அமைக்கவில்லை. ஐ-எஃப் என்றால் அமைக்கப் போய்த் தோற்றது. ஆர்-சி என்று நிறைய வரும். பயப்பட வேண்டாம், மென்பொருளை நீக்கியாயிற்று, அதன் அமைப்புக் கோப்பு மட்டும் மிச்சம் என்று அர்த்தம்.

### "வெரி பேட் இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்" என்றால்

அந்த ஒரு பேக்கேஜை மட்டும் மறுபடி நிறுவுங்கள்:

    சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் பேக்கேஜ்-பெயர்

மறுத்தால்:

    சூடோ டிபிகேஜி --ரிமூவ் --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக் பேக்கேஜ்-பெயர்

நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அந்தப் பேக்கேஜின் பெயர் லிப்சி6, டிபிகேஜி, பேஷ், சிஸ்டம்டி என்ற அடித்தள வகையில் இருந்தால் மட்டும் இதை நீங்கள் செய்ய வேண்டாம். அங்கே நிறுத்தி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மெஷினை ரீபூட்டும் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் வரை காப்பாற்ற வழி இருக்கும்.

### "பார்சிங் ஃபைல் ஸ்டேட்டஸ் நியர் லைன்" என்றால்

டிபிகேஜியின் பேரேடே கிழிந்துவிட்டது. எது எது நிறுவப்பட்டிருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் கோப்பு /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ். நல்லவேளையாக அதே இடத்தில் "ஸ்டேட்டஸ்-ஓல்டு" என்று முந்தைய நகல் இருக்கும். /வார்/பேக்கப்ஸ் அடைவில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்றும், அதற்கும் பழையவை சுருக்கிய கோப்புகளாகவும் இருக்கும். கெட்டுப்போன கோப்பை வேறு பெயரில் நகர்த்தி வைத்துவிட்டு, ஸ்டேட்டஸ்-ஓல்டை அந்த இடத்தில் நகலெடுங்கள். பிறகு மேலே சொன்ன இரண்டு கட்டளைகள்.

அன்று மிஞ்சிய நாலு மெஷின்களில் மூன்று இப்படி மீண்டன. நாலாவதில் "சூடோ டிமெஸ்ஜி" போட்டால் "ஐ/ஓ எரர்" என்று வரிசையாக வந்தது. அது ஆப்ட் கோளாறே இல்லை, டிஸ்க் சாகிறது. அந்த வரியைப் பார்த்தால் எந்தப் பழுதும் பார்க்காதீர்கள். உங்கள் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## "ஆப்ட் அப்டேட்" போட்டாலே பிழை

### "டெம்பரரி ஃபெய்லியர் ரிசால்விங்"

இணையம் இல்லை, அல்லது தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் இல்லை. ஆப்டைக் குறை சொல்லாதீர்கள்.

### "கிளியர்சைன்டு ஃபைல் இஸின்ட் வேலிட், நோஸ்ப்ளிட்"

விடுதி, ரயில் நிலையம், ஹோட்டல் வைஃபை. லாகின் பக்கம் ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஆப்ட் கேட்ட கோப்புக்குப் பதில் அந்த லாகின் பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து எங்கே என்று தேடிவிட்டு அது முழிக்கிறது. பிரவுசரைத் திறந்து லாகின் செய்துவிட்டு வாருங்கள்.

### "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்"

கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் ஏதோ பழைய வருடத்துக்குப் போய்விடும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு லேப்டாப் தூங்கி எழுந்ததும் வரும். "சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ" போட்டு ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். டபிள்யூஎஸ்எல் என்றால் விண்டோஸ் டெர்மினலில் "டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்" போட்டு மறுபடி திறங்கள். நாளை மறுபடி வந்தால் சில பத்து ரூபாய்க்கு செல் வாங்கி மாற்றுங்கள். முதல் வேலையாக "டேட்" தட்டச் சொன்னது இதற்காகத்தான். ஒரு முறை இதைத் தட்டாமல் இரண்டு மணி நேரம் ரெப்போசிட்டரி (ஆப்ட் மென்பொருளை இறக்கும் கிடங்கு) வரிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

### "404 நாட் ஃபவுண்ட்"

இன்ஸ்டால் செய்யும்போது வந்தால் உங்களிடம் இருப்பது பழைய பட்டியல். முதலில் "சூடோ ஆப்ட் அப்டேட்", பிறகு இன்ஸ்டால்.

அப்டேட்டிலேயே 404 வந்தால் எந்த முகவரி என்று பாருங்கள். வெளியார் ரெப்போசிட்டரி என்றால் உங்கள் உபுண்டு பதிப்புக்கு அவர்கள் இன்னும் எதுவும் வெளியிடவில்லை, அல்லது கடையை மூடிவிட்டார்கள், /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவில் அந்தக் கோப்பை நகர்த்தி வையுங்கள். உபுண்டுவின் சொந்த முகவரியே 404 என்றால் உங்கள் பதிப்பின் ஆயுள் முடிந்தது. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) அல்லாத பதிப்புகளுக்கு 9 மாதம்தான். 2023 அக்டோபரில் வந்த 23.10, 2024 ஜூலையில் ஓய்ந்துவிட்டது. அவை ஓல்டு-ரிலீசஸ் என்ற முகவரிக்குப் போய்விடும். முகவரியை மாற்றி ஓட்டலாம், ஆனால் அது புதிய பதிப்புக்குத் தாவுவதற்கு மட்டும். அதிலேயே குடியிருக்க வேண்டாம். ஒரு விஷயம்: 24.04 முதல் உபுண்டுவின் முகவரிகள் பழைய சோர்சஸ்.லிஸ்ட்டில் இல்லை, உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்பில் இருக்கின்றன. பழைய வழிகாட்டியைப் பார்த்துக் காலிக் கோப்பைத் திறந்து திகைப்பவர்கள் நிறையப் பேர்.

### "ஹேஷ் சம் மிஸ்மேட்ச்"

வழியில் ஒரு புராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) பழைய பண்டத்தைக் கொடுக்கிறது, அல்லது மிரர் (ரெப்போசிட்டரியின் நகல்) பாதி புதுப்பித்த நிலையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவசரம் என்றால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் அடைவுக்குள் இருப்பவற்றை அழித்துவிட்டு மறுபடி அப்டேட் போடுங்கள். இங்கே அழிப்பதில் ஆபத்து இல்லை. அவை மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய பட்டியல்கள்தான்.

### "நோ பப்கீ"

வெளியார் ரெப்போசிட்டரியின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி உங்களிடம் இல்லை. அவர்களுடைய அதிகாரப்பூர்வ நிறுவல் பக்கத்தில் இருக்கும் புதிய வழியைப் பின்பற்றுங்கள். ஆப்ட்-கீ என்ற கட்டளையைச் சொல்கிற வழிகாட்டி எதுவானாலும் பழசு. இப்போது சாவிகள் /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் அடைவில் தனித்தனிக் கோப்பாக இருக்க வேண்டும், எந்த ரெப்போசிட்டரிக்கு எந்தச் சாவி என்று "சைன்டு-பை" போட்டுக் காட்ட வேண்டும்.

"டபிள்யூ:" என்று தொடங்குகிறவை எச்சரிக்கைகள். "அன்சேண்ட்பாக்ஸ்டு ஆஸ் ரூட்" என்று ஒன்று அடிக்கடி வந்து பயமுறுத்தும். இறக்கிய கோப்பு உங்கள் ஹோம் அடைவுக்குள் இருக்கிறது, ஆப்டுக்கென்று இருக்கும் பயனரால் அங்கே நுழைய முடியவில்லை, அவ்வளவே. கண்டுகொள்ளாதீர்கள்.

## "அன்மெட் டிபெண்டென்சிஸ்": சார்பு பொருந்தவில்லை

இதில்தான் ஆட்கள் பொறுமை இழந்து ஃபோர்ஸ் போடுகிறார்கள். எளிதிலிருந்து போவோம்.

### டெப் கோப்பை இறக்கிப் போட்டீர்களா?

டெப் என்பது ஒரு பேக்கேஜ் அடங்கிய கோப்பு. "டிபிகேஜி -ஐ" போட்டால் அது அந்த ஒரு கோப்பை மட்டும்தான் பார்க்கும். தேவையானவற்றைத் தேடிக் கொண்டுவராது. "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்" போட்டால் சரியாகும். அடுத்த முறை "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பு.டெப்" என்று போடுங்கள். முன்னால் உள்ள புள்ளியும் சாய்கோடும் முக்கியம். அவை இல்லாவிட்டால் அதை ஒரு பேக்கேஜ் பெயர் என்று நினைத்து ரெப்போசிட்டரியில் தேடப் போய்விடும்.

### யாராவது ஹோல்டு போட்டிருக்கிறார்களா?

    ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு

ஹோல்டு என்றால் இந்தப் பேக்கேஜின் பதிப்பை மாற்றாதே என்ற தடை. ஏதாவது வந்தால், ஏன் போட்டார்கள் என்று நினைவுபடுத்திப் பார்த்துவிட்டு "சூடோ ஆப்ட்-மார்க் அன்ஹோல்டு" போடுங்கள். "யூ ஹேவ் ஹெல்டு புரோக்கன் பேக்கேஜஸ்" என்று செய்தி சொன்னாலும் இந்தப் பட்டியல் காலியாகத்தான் இருக்கும் பல நேரம். அந்தச் செய்தியின் வாசகம் ஆளைத் திசைதிருப்பும். அப்போது உண்மையான காரணம் அடுத்ததுதான்.

### வெளியார் பதிப்பு ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறதா?

போன செமஸ்டரில் ஒரு மாணவி வந்தார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நூலகமான லிப்பிகியூ5-ஐ வைத்து நிரல் எழுத வேண்டிய லிப்பிகியூ-டெவ் நிறுவ முடியவில்லை. செய்தி இப்படி: லிப்பிகியூ-டெவ்வுக்கு லிப்பிகியூ5-இன் குறிப்பிட்ட ஒரே பதிப்பு வேண்டும், ஆனால் அதைவிடப் புதியது இருக்கிறது. "புதுசு இருந்தா நல்லதுதானே சார், அப்புறம் என்ன கோபம் அதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் டெவ் என்று முடியும் பேக்கேஜ்கள் பெரும்பாலும் தன் நூலகத்தோடு அச்சாகப் பொருந்த வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவை. புதிய நூலகத்துக்குப் பழைய தலைப்புக் கோப்பு சேராது.

அவர் மெஷினில் தட்டிப் பார்த்தது:

    ஆப்ட் பாலிசி லிப்பிகியூ5

"இன்ஸ்டால்டு" வரியில் பதிப்பு 16. கீழே பதிப்பு அட்டவணையில், மூன்று நட்சத்திரம் போட்ட அந்தப் பதிப்புக்கு எதிரே 100 என்ற எண்ணும் /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற பாதையும் மட்டும். அதற்குக் கீழே உபுண்டுவின் பதிப்பு 14, எதிரே 500, உபுண்டு முகவரி. இதைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். 500 என்றால் ஏதோ ஒரு ரெப்போசிட்டரி இதைத் தருகிறது. 100-உம் ஸ்டேட்டஸ் பாதையும் மட்டும் இருந்தால், இது உள்ளே இருக்கிறது, ஆனால் இன்று எந்த ரெப்போசிட்டரியும் இதைத் தரவில்லை. அனாதை. எப்போதோ போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்த ரெப்போசிட்டரியைச் சேர்த்திருக்கிறார், புதிய நூலகம் வந்திருக்கிறது. பிறகு உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது வெளியார் ரெப்போசிட்டரிகள் வழக்கப்படி முடக்கப்பட்டன. விருந்தாளி போய்விட்டார், பெட்டி மட்டும் இங்கே.

வழி இரண்டு. அந்த ரெப்போசிட்டரி இன்னும் வேண்டும் என்றால் மறுபடி இயக்குங்கள். அங்கிருந்தே பொருத்தமான டெவ் வரும். வேண்டாம் என்றால் பழைய பதிப்புக்கு இறங்குங்கள்:

    சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்பிகியூ5=பதிப்பு-எண்

பதிப்பு எண்ணை ஆப்ட் பாலிசி காட்டியபடி முழுதாக, ஒரு புள்ளி விடாமல் நகலெடுங்கள். ஆப்ட் "டவுன்கிரேட்" என்று எச்சரிக்கும். நீக்கப்படும் பட்டியல் காலியாக இருந்தால் ஒய் தட்டலாம்.

இப்படிப்பட்ட அனாதைகள் மொத்தம் எத்தனை என்று பார்க்க "ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு" போட்டு, பக்கத்தில் "லோக்கல்" என்று குறி இருப்பவற்றைத் தேடுங்கள். பிபிஏ (தனிநபர்கள் உபுண்டுவுக்காக வைக்கும் ரெப்போசிட்டரி) ஒன்றை முழுசாகக் கழற்ற பிபிஏ-பர்ஜ் என்ற கருவி இருக்கிறது. அது ரெப்போசிட்டரியை நீக்குவதோடு, அங்கிருந்து வந்தவற்றை உபுண்டு பதிப்புக்கு இறக்கியும் விடும்.

### இரண்டு பதிப்புகளைக் கலந்துவிட்டீர்களா?

டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் ஏதோ ஒரு மென்பொருள் புதிதாக வேண்டும் என்று சோதனைப் பதிப்பான டெஸ்டிங் வரியையோ உபுண்டு வரியையோ சேர்த்தவர்களுக்கு ஒரு பெயர் உண்டு, டெபியன் விக்கியிலேயே: ஃபிராங்கன்டெபியன். அடித்தள நூலகமான லிப்சி வரை மாறியிருந்தால் பின்னால் போவது பெரும்பாடு. நான் பார்ப்பதில்லை. ஹோம் அடைவை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக நிறுவிவிடுவேன், ஒரு மணி நேரத்தில் முடியும். சர்வர் என்றால் இங்கே ஆள் கூப்பிடுங்கள்.

### தீர்வு என்று ஆப்ட் பாதி மெஷினை நீக்கச் சொன்னால்

"என்" எழுத்தைத் தட்டி மறுத்துவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 2021-ல் பாப் ஓஎஸ் என்ற உபுண்டு வழி லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளை நிறுவப்போன யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் கதை ஊரறிந்தது. ஒரு பேக்கேஜ் முரண்பாட்டால், ஸ்டீமைப் போட டெஸ்க்டாப்பையே நீக்கவேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. "யெஸ், டூ ஆஸ் ஐ சே" என்று முழு வாக்கியத்தையும் தட்டினால்தான் செய்வேன் என்றும் எச்சரித்தது. அவர் தட்டினார். டெஸ்க்டாப் போய்விட்டது. நான் அவரைக் கேலி செய்ய மாட்டேன். நம்மில் பலர் ஒய் தட்டுகிற வேகத்தில்தான் அதையும் தட்டியிருப்போம்.

ஏற்கெனவே தட்டிவிட்டீர்கள் என்றால் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பில் என்றைக்கு என்ன கட்டளையில் எவை நீங்கின என்று முழுதாக இருக்கும். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரையில் லாகின் செய்து, "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்" போட்டால் பெரும்பாலும் திரும்பி வரும்.

## "எரர் கோட் (1)": ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் தோற்றது

மேலே போய் எந்தப் பேக்கேஜ் என்று பாருங்கள். "போஸ்ட்-இன்ஸ்டாலேஷன் ஸ்கிரிப்ட்" என்று இருந்தால் கோப்புகள் இறங்கிவிட்டன, அதற்குப் பிந்தைய வேலை நடக்கவில்லை.

சர்வீஸ் எழவில்லை. அப்பாச்சி ஓடுகிற மெஷினில் இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸைப் போட்டால் இது நடக்கலாம்: இரண்டுக்கும் 80-ஆம் போர்ட் வேண்டும். "சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி" போட்டு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஒருவரை நிறுத்திவிட்டு டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ. என்ஜின்எக்ஸை நாலு முறை நீக்கி நிறுவிப் பார்த்து அலுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்; அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

டிகேஎம்எஸ் என்ற சொல் தெரிகிறது. புதிய கர்னலுக்கு என்விடியா அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல் (கர்னலோடு சேரும் துண்டு) உருவாகவில்லை. லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் தோற்றால், மெஷினை ஆன் செய்யும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பாருங்கள். சில நாளில் திருத்தம் வந்துவிடும்.

"ட்ரையிங் டு ஓவர்ரைட்". இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்புக்குச் சண்டை. இரண்டில் வெளியார் எது என்று பார்த்து அதை நீக்குங்கள். ஃபோர்ஸ்-ஓவர்ரைட் கடைசி ஆயுதம்; கோப்பு ஒரு படமோ ஆவணமோ என்றால் மட்டும்.

## "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"

டிஎஃப் -ஹெச் எந்தப் பகுதியைக் காட்டுகிறது?

வேர்ப்பகுதி (/) நிரம்பியிருந்தால் "சூடோ ஆப்ட் கிளீன்" முதலில். இறக்கிய டெப் கோப்புகள் போகும். பிறகு "சூடோ ஜர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்", இதில் எம் மட்டும் பெரிய எழுத்து.

/பூட் நிரம்பியிருந்தால் பழைய கர்னல்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனிப் பகுதியாக இருப்பதால் அவர்களுக்குத்தான் அதிகம் வரும். "சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்" போதும். இடமே இல்லாமல் ஆப்ட் மறுத்தால், "யூநேம் -ஆர்" போட்டு இப்போது ஓடும் கர்னல் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு, இருப்பதிலேயே பழைய ஒன்றை மட்டும் "சூடோ டிபிகேஜி --பர்ஜ்" போட்டு நீக்குங்கள். சார்பு என்று மறுத்தால் அதே எண்ணுள்ள லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராவையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். /பூட் அடைவில் நேரடியாக ஆர்எம் போடாதீர்கள்.

இடம் இருக்கிறது, ஆனாலும் இதே பிழை என்றால் "டிஎஃப் -ஐ". ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவு இடம்) தீர்ந்திருக்கும், எங்கோ லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள்.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வந்தால் அது இட நெருக்கடி அல்ல. மீண்டும் டிமெஸ்ஜி பாருங்கள். மேலே டிஸ்க் சாவதைப் பற்றிச் சொன்னதேதான்.

## பைத்தான் தகராறுகள்

"எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மெண்ட்". டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் இப்படிச் சொல்கிறது. பிழை அல்ல, காவல். மெஷினின் பைத்தானில் ஆப்ட் கை வைக்கும், நீங்களும் வைத்தால் மோதல். முதலில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-நம்பை" என்பதுபோல் ஆப்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால்:

    பைத்தான்3 -எம் வென்வ் என்-சூழல்

அதற்குள் பிப் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும். பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற விருப்பம் ஒன்று இருக்கிறது. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

"நோ மாட்யூல் நேம்டு ஆப்ட்_பிகேஜி". யாரோ பைத்தான்3 இணைப்பைப் புதிய பைத்தானுக்குத் திருப்பிவிட்டார்கள். உபுண்டுவின் பல கருவிகள் அந்தக் குறிப்பிட்ட பதிப்பை நம்பியிருக்கின்றன. டெர்மினல் சாளரமே திறக்காமல் போவதும் இதனால்தான். /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 இணைப்பைப் பழைய பதிப்புக்கே திருப்புங்கள். உபுண்டு 22.04-க்கு 3.10, 24.04-க்கு 3.12.

## நிறுவியாயிற்று, ஓட்டினால் "ஷேர்டு லைப்ரரீஸ்" பிழை

லிப்எஸ்எஸ்எல் 1.1 இல்லை என்றால், அந்த நிரல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் பழைய பதிப்புக்கு உருவானது. உபுண்டு 22.04, டெபியன் 12 முதல் இருப்பது 3. நிரலின் புதிய வெளியீட்டைத் தேடுங்கள். பழைய நூலகத்தை எங்கிருந்தோ இறக்கி ஒட்டாதீர்கள், அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது.

"ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்றால் தலைகீழ்: நிரல் புதுசு, மெஷின் பழசு. உபுண்டு 20.04-ல் இருப்பது 2.31. ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பியிருக்கும் ஜிலிப்சியைக் கையால் ஏற்ற முயன்றால் எல்எஸ்கூட ஓடாத நிலைக்குப் போவீர்கள். கன்டெய்னரில் (மெஷினுக்குள் பிரித்து வைத்த தனிச் சூழலில்) ஓட்டுங்கள், அல்லது மெஷினைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள்.

## ஆளைக் கூப்பிடும்போது

டிஸ்க் பிழை, லிப்சி பாதியில் நின்றது, கலந்த பதிப்புகளில் ஓடும் சர்வர், ரீபூட்டுக்குப் பின் கர்னல் பேனிக் (கர்னலே நின்றுபோவது): இந்த நாலிலும் மேற்கொண்டு எதையும் தட்டாமல் நிறுத்துங்கள். வருகிறவருக்கு /வார்/லாக்/ஆப்ட் அடைவில் இருக்கும் ஹிஸ்டரி.லாக், டெர்ம்.லாக் இரண்டையும் பென் டிரைவில் எடுத்துக் கொடுங்கள். இடையில் நீங்களாகச் செய்து பார்த்த வைத்தியம் ஏதாவது இருந்தால், கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். "நான் ஒண்ணுமே பண்ணலை சார்" என்று தொடங்கிய மெஷின்கள்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தவை.